சுவிட்சர்லாந்து சூழ ஒரு ஜெர்மன் சிற்றூர்: பியூசிங்கனின் புவியியலும் வரலாறும்

ஜெர்மனியின் தென்கோடியில், ரைன் நதியின் வலக்கரையில் 7.62 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள சிற்றூராட்சி பியூசிங்கன். சுமார் 1,500 பேர் வசிக்கும் இவ்வூர் அரசியல் சட்டப்படி ஜெர்மனிக்கு உரியது. ஆயினும் இதன் எல்லை எந்த இடத்திலும் ஜெர்மனியின் பிற நிலப்பகுதியைத் தொடுவதில்லை. நான்கு புறமும் சுவிட்சர்லாந்து சூழ்ந்திருப்பதால், இவ்வூர் மக்கள் தங்கள் மாவட்டத் தலைநகருக்குச் செல்வதாயினும் வேறொரு நாட்டைக் கடந்தே செல்ல வேண்டும்.

ஒரு நாட்டின் நிலப்பகுதி, பிற நாட்டு நிலத்தின் நடுவே தனித் திட்டாக அமைவது உலகில் சில இடங்களில் காணப்படுகிறது. பியூசிங்கனைப் பொறுத்தவரை இந்நிலைக்கு மலையோ நதியோ மொழியோ காரணமல்ல. சுற்றியுள்ள சுவிஸ் ஊர்களிலும் ஜெர்மன் மொழியே வழங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நிலப்பிரபுவின் குடும்பத்தில் மூண்ட பூசலும், அதன் விளைவாக ஆஸ்திரியா கொண்ட பிடிவாதமுமே இந்த எல்லைக்கு அடிப்படை. அன்று வகுக்கப்பட்ட எல்லை, இன்று இவ்வூர்வாசி ஒருவர் எந்த நாட்டுக்கு வருமான வரி செலுத்த வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது.

அமைவிடம்

பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தின் கான்ஸ்டன்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது பியூசிங்கன். இதன் முழுப்பெயர் பியூசிங்கன் அம் ஹோக்ரைன். கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேற்குப் பகுதியிலிருந்து வெளியேறி பாசல் நகரம் வரை மேற்கு நோக்கிப் பாயும் ரைன் நதியின் பகுதிக்கு 'ஹோக்ரைன்' என்று பெயர். அந்தப் பெயர் ஊர்ப்பெயருடன் சேர்த்து வழங்கப்படுகிறது.

ஊரின் மூன்று புறங்களில் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் மாநிலம் அமைந்துள்ளது. தெற்கே ரைன் நதி எல்லையாக ஓடுகிறது. அதன் மறுகரையில் சூரிச், துர்காவ் ஆகிய சுவிஸ் மாநிலங்கள் உள்ளன. கிழக்கே உள்ள கைலிங்கன் என்னும் ஜெர்மன் ஊராட்சியே பியூசிங்கனுக்கு மிக அருகிலுள்ள தாய்நாட்டு நிலம். இவ்விரண்டுக்கும் இடையே டோர்ஃப்லிங்கன் என்னும் சுவிஸ் ஊருக்கு உரிய நிலம் குறுக்கிடுகிறது. அதன் மிகக் குறுகிய இடத்தின் அகலம் சுமார் 680 மீட்டர் மட்டுமே. பத்து நிமிடங்களில் நடந்து கடக்கக்கூடிய இந்தத் தொலைவே பியூசிங்கனைத் தாய்நாட்டிலிருந்து பிரிக்கிறது.

மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஷாஃப்ஹவுசன் நகரம் உள்ளது. அந்நகருக்குச் சற்றுக் கீழே சுமார் 150 மீட்டர் அகலமும் 23 மீட்டர் உயரமும் கொண்ட ரைன் அருவி உள்ளது. படகுகள் அருவியைக் கடக்க இயலாததால், இடைக்காலத்தில் சரக்குகள் ஷாஃப்ஹவுசனில் இறக்கப்பட்டுத் தரைவழியே கொண்டு செல்லப்பட்டன. இந்த வணிகமே அந்நகரை வளர்த்தது. பியூசிங்கனுக்கு வேலை, கடைவீதி, மருத்துவமனை, ரயில் நிலையம் ஆகிய அனைத்துக்கும் அருகிலுள்ள நகரம் இன்றும் ஷாஃப்ஹவுசன்தான்.

இப்பகுதியின் எல்லைகள் பொதுவாகவே சிக்கலானவை. ஷாஃப்ஹவுசன் மாநிலத்தின் பெரும்பகுதி ரைன் நதிக்கு வடக்கே, ஜெர்மன் நிலத்தை ஊடுருவியவாறு அமைந்துள்ளது. அம்மாநிலமே ஒன்றுடன் ஒன்று ஒட்டாத மூன்று துண்டுகளாக உள்ளது. அவற்றுள் பெரிய துண்டின் உள்ளே பொதிந்திருப்பதே பியூசிங்கன்.

ஆஸ்திரியாவின் ஆளுகையில்

பியூசிங்கனைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. ஊருக்கு அருகே ஒரு மேட்டின்மீது நிற்கும் புனித மைக்கேல் தேவாலயம் இதன் பழமைக்குச் சான்றாக உள்ளது. இவ்வூர் உள்ளடங்கிய நெல்லன்பர்க் சீமையை 1465-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் விலைக்கு வாங்கியது.

அக்காலத்தில் இறையாண்மை என்பது இன்றுபோல் ஒரே கையில் இருக்கவில்லை. ஓர் ஊரின்மீது உயர் நீதி அதிகாரம் ஒருவருக்கும், வரி வசூலிக்கும் உரிமை மற்றொருவருக்கும், அன்றாட நிர்வாகம் வேறொருவருக்கும் இருப்பது வழக்கம். பியூசிங்கனின் மேலாட்சி ஆஸ்திரியாவிடம் இருந்தது. ஊர் நிர்வாகமும் சிறு வழக்குகளை விசாரிக்கும் உரிமையும் 16-ஆம் நூற்றாண்டு முதல் ஷாஃப்ஹவுசன் நகரின் செல்வாக்குமிக்க இம் தூர்ன் குடும்பத்தினரிடம் இருந்தன.

ஷாஃப்ஹவுசன் 1501-இல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1529-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஏற்றது. ஹாப்ஸ்பர்க் அரச குடும்பமோ கத்தோலிக்க சமயத்தின் காவலராகத் தன்னைக் கருதியது. இவ்வாறு மேலாட்சி ஒரு சமயத்தாரிடமும் உள்ளாட்சி மற்றொரு சமயத்தாரிடமும் இருந்த ஊரில், ஒரு சிறு பூசலும் அரசியல் நெருக்கடியாக மாறும் வாய்ப்பு எப்போதும் இருந்தது.

எல்லையை நிலைநிறுத்திய கடத்தல்

1693-ஆம் ஆண்டில் அத்தகைய நெருக்கடி ஏற்பட்டது. பியூசிங்கனின் நிலப்பிரபுவாக இருந்த எபர்ஹார்ட் இம் தூர்னுக்கும் அவருடைய உறவினர்களுக்கும் இடையே சமயமும் குடும்ப உரிமைகளும் கலந்த பகை முற்றியது. அவ்வாண்டு உறவினர்களே அவரைக் கடத்திச் சென்று ஷாஃப்ஹவுசன் நகர அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். நகர நீதிமன்றம் அவருக்கு ஆயுள் சிறைத் தண்டனை விதித்தது.

ஆஸ்திரியாவின் மேலாட்சிக்கு உட்பட்ட ஊரின் தலைவரை வேறோர் அரசு கடத்திச் சென்று தண்டித்ததைத் தன் இறையாண்மை மீதான தாக்குதலாக ஹாப்ஸ்பர்க் அரசு கருதியது. பல ஆண்டுகள் நீடித்த நெருக்குதலுக்குப் பின், 1699-இல் ஷாஃப்ஹவுசன் அவரை விடுவித்தது. ஆறு ஆண்டுகள் அவர் சிறையில் கழித்திருந்தார்.

விடுதலையுடன் விவகாரம் முடிவடையவில்லை. ஷாஃப்ஹவுசனைச் சுற்றியுள்ள ராயாட் பகுதி ஊர்களில் அந்நகருக்கு அளித்திருந்த உரிமைகளை ஆஸ்திரியா திரும்பப் பெற்றுக்கொண்டது. 1723-இல் பணம் பெற்றுக்கொண்டு அவ்வுரிமைகளை மீண்டும் ஷாஃப்ஹவுசனுக்கு வழங்கியபோது, பியூசிங்கனை மட்டும் விலக்கிக்கொண்டது. ஷாஃப்ஹவுசனுக்கு நிரந்தர எரிச்சலாக இவ்வூர் ஆஸ்திரியாவிடமே நீடிக்க வேண்டும் என்பதே அம்முடிவின் நோக்கம் என்று வரலாற்றில் கூறப்படுகிறது.

1770-இல் மற்றொரு விற்பனை நிகழ்ந்தது. பியூசிங்கனுக்குக் கிழக்கேயுள்ள டோர்ஃப்லிங்கன், ராம்சன் ஆகிய ஊர்களின் மேலாட்சி உரிமையை ஆஸ்திரியாவிடமிருந்து சூரிச் நகரம் வாங்கியது. பிற்காலத்தில் அவ்விரு ஊர்களும் ஷாஃப்ஹவுசன் மாநிலத்துடன் சேர்ந்தன. டோர்ஃப்லிங்கன் சுவிஸ் தரப்புக்குச் சென்றதும், பியூசிங்கனைப் பிற ஆஸ்திரிய நிலத்துடன் இணைத்திருந்த கடைசித் தொடர்பும் அறுபட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றியிருந்த நிலம் கைமாறியதால் அது நிலத்தீவாகிவிட்டது.

ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்கு

ஐரோப்பாவின் பெரும் போர்கள் ஒவ்வொன்றும் பியூசிங்கனின் உரிமையாளரை மாற்றினவே தவிர, அதன் எல்லையை மாற்றவில்லை. நெப்போலியனிடம் தோற்ற ஆஸ்திரியா, 1805-ஆம் ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான பிரஸ்பர்க் உடன்படிக்கையின்படி தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த தன் உடைமைகளை இழந்தது. அப்போது நெல்லன்பர்க் சீமையுடன் பியூசிங்கனும் வூர்ட்டம்பர்க் அரசின் கைக்கு மாறியது. 1810-இல் வூர்ட்டம்பர்க்கும் பாடனும் தங்களுக்கிடையே எல்லைகளைத் திருத்தியமைத்தபோது ஊர் பாடன் அரசுக்குச் சென்றது.

1871-இல் பாடன், ஜெர்மன் பேரரசின் உறுப்பாயிற்று. 1952-இல் இன்றைய பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் உருவானபோது பியூசிங்கனும் அதில் இடம்பெற்றது.

1849-ஆம் ஆண்டு நெருக்கடி

இச்சிற்றூர் ஒரு போருக்கே காரணமாகியிருக்கக்கூடிய நிகழ்வு 1849-இல் நடந்தது. பாடனில் மூண்ட குடியரசுப் புரட்சியை பிரஷ்யாவும் பிற ஜெர்மன் அரசுகளும் படைகொண்டு ஒடுக்கின. அப்படைகளுள் ஒன்றான ஹெஸ்ஸியப் படைப்பிரிவு, புரட்சியாளர்களைத் தேடி ஜூலை மாதம் ரைன் நதி வழியாக நீராவிக் கப்பலில் பியூசிங்கனுக்கு வந்திறங்கியது.

ஜெர்மன் நிலமான பியூசிங்கனில் ஜெர்மன் படை இருந்ததில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் அங்கு வர அவர்கள் சுவிஸ் எல்லைக்குள் உள்ள நதிப்பகுதியைக் கடந்திருந்தனர். 1848-இல்தான் புதிய அரசியல் சட்டத்துடன் கூட்டாட்சி நாடாக உருவெடுத்திருந்த சுவிட்சர்லாந்துக்கு இது முதல் சோதனைகளுள் ஒன்றாக அமைந்தது. சுவிஸ் படையினர் திரும்பும் வழியை அடைத்ததால் ஹெஸ்ஸியர்கள் ஊருக்குள் சிக்கிக்கொண்டனர். தளபதி தூஃபூர் தலைமையில் சுவிஸ் அரசு படை திரட்டியது. பேச்சுவார்த்தைக்குப் பின் மாத இறுதியில் ஹெஸ்ஸியர்கள் வெளியேற அனுமதிக்கப்பட்டனர், மோதல் தவிர்க்கப்பட்டது.

இந்நிகழ்வு உணர்த்திய உண்மை எளியது. பியூசிங்கனில் ஜெர்மன் அரசு தன் அதிகாரத்தைச் செலுத்த வேண்டுமாயின், சுவிட்சர்லாந்தின் இசைவு இன்றி அங்குச் சென்றடைய இயலாது.

சுவிட்சர்லாந்தில் சேர 96 சதவீதம் ஆதரவு

முதல் உலகப் போரின் முடிவில், 1918-ஆம் ஆண்டில், பியூசிங்கன் மக்கள் தங்கள் விருப்பத்தை வாக்கெடுப்பின் மூலம் தெரிவித்தனர். வாக்களித்தவர்களில் 96 சதவீதம் பேர் சுவிட்சர்லாந்துடன் இணைவதை ஆதரித்தனர். தோல்வியால் நலிந்த ஜெர்மனிக்கும், போரில் ஈடுபடாமல் நிலைத்து நின்ற சுவிட்சர்லாந்துக்கும் இடையே வாழ்ந்தவர்கள் அவ்வாறு தீர்மானித்ததில் வியப்பில்லை.

ஆயினும் வாக்கெடுப்பு செயல்வடிவம் பெறவில்லை. பியூசிங்கனை விட்டுக்கொடுப்பதாயின் அதற்கு ஈடாக நிலம் வேண்டும் என்பது ஜெர்மன் தரப்பின் நிலை. ஏற்கத்தக்க நிலம் எதையும் சுவிட்சர்லாந்தால் அளிக்க இயலவில்லை. ஊர் மக்களின் ஏறத்தாழ ஒருமித்த விருப்பம், மாற்றிக்கொள்ள நிலம் இல்லை என்ற காரணத்தால் நிறைவேறாமல் போயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது நிலை மேலும் கடுமையாயிற்று. ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட பியூசிங்கன் இளைஞர்கள் விடுப்பில் வீடு திரும்பும்போது நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் மண்ணைக் கடக்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் ஆயுதங்களைக் கைலிங்கன் எல்லைச் சாவடியில் ஒப்படைத்தனர். ராணுவச் சீருடையை மறைத்துக்கொள்ள நீண்ட மேலங்கிகளை சுவிஸ் சுங்கத் துறையினர் வழங்கினர். அவற்றை அணிந்துகொண்டு டோர்ஃப்லிங்கன் வழியே நடந்து அவர்கள் வீடு சென்றனர்.

1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் இவ்விவகாரத்தை மீண்டும் பேசத் தொடங்கின. ஊரை விட்டுக்கொடுக்க ஜெர்மன் தரப்பு இம்முறையும் முன்வரவில்லை. எனவே இறையாண்மையைத் தொடாமல், அன்றாட வாழ்க்கைக்குரிய சிக்கல்களை மட்டும் தீர்ப்பதற்கு வழி தேடப்பட்டது. 1964-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கை, 1967-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி பியூசிங்கன் ஜெர்மனியின் பகுதியாகவே நீடித்தவாறு சுவிட்சர்லாந்தின் சுங்கப் பகுதியில் சேர்க்கப்பட்டது.

அதே ஆண்டில் மற்றொரு ஜெர்மன் நிலத்திட்டு மறைந்தது. ஷாஃப்ஹவுசன் மாநிலத்துக்குள் மூன்று வீடுகளும் பதினொரு குடிமக்களும் மட்டுமே கொண்டிருந்த ஃபெரனாஹோஃப், நிலப் பரிமாற்றத்தின் மூலம் சுவிட்சர்லாந்துக்கு வழங்கப்பட்டது. மூன்று வீடுகளுக்கு எளிதாக முடிந்தது, ஒரு முழு ஊராட்சிக்கு முடியவில்லை.

உடன்படிக்கையின் உட்கருத்தைச் சுருக்கமாகக் கூறுவதாயின், பியூசிங்கனில் பொருள்களுக்குச் சுவிஸ் சட்டம், மனிதர்களுக்கு ஜெர்மன் சட்டம். சுங்கம், வேளாண்மை, மருந்துப் பொருள்கள், மதிப்புக்கூட்டு வரி முதலிய துறைகளில் சுவிஸ் சட்டங்கள் செல்லும். குடியுரிமை, தேர்தல், வருமான வரி, குற்றவியல், உள்ளாட்சி ஆகியவற்றில் ஜெர்மன் சட்டமே செல்லும். ஊரில் வசூலாகும் சுவிஸ் மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கு ஊராட்சிக்குத் திருப்பி அளிக்கப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் இதனை ஏற்றுள்ளது. ஜெர்மன் குடிமக்கள் என்ற முறையில் பியூசிங்கன்வாசிகள் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கின்றனர். ஆனால் ஒன்றியத்தின் சுங்கப் பகுதிக்கும் மதிப்புக்கூட்டு வரிப் பகுதிக்கும் வெளியே வைக்கப்பட்டுள்ள நிலங்களின் பட்டியலில், ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் தீவுடன் பியூசிங்கனின் பெயரும் உள்ளது.

காவல்துறை பற்றியும் உடன்படிக்கை நுட்பமாகப் பேசுகிறது. ஊரில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய ஜெர்மன் காவலர்களின் எண்ணிக்கை 100 குடிமக்களுக்கு மூவர் என்ற அளவைத் தாண்டக்கூடாது. சுவிஸ் காவலர்கள் பத்துப் பேர் வரை வரலாம். உடன்படிக்கை வகுத்துள்ள வரம்புக்குள் கைது செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஜெர்மன் காவலர்கள் இவ்வூருக்கு வரும்போது வரையறுக்கப்பட்ட பாதைகளையே பயன்படுத்த வேண்டும். சுவிஸ் மண்ணைக் கடக்கும்போது எந்த அலுவல் நடவடிக்கையிலும் ஈடுபடக்கூடாது. 1849-ஆம் ஆண்டு நெருக்கடி மீண்டும் எழாதவாறு ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது.

இரு நாடுகளின் அன்றாடம்

பியூசிங்கனில் சட்டப்படி செல்லத்தக்க பணம் யூரோ. ஆனால் மக்கள் பெரிதும் பயன்படுத்துவது சுவிஸ் பிராங்க். பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வேலை செய்து பிராங்கில் ஊதியம் பெறுவதே இதற்குக் காரணம். யூரோவுக்கு முன்பு ஜெர்மன் மார்க் புழங்கிய காலத்திலும் இதே நிலைதான். 1980-கள் வரை ஊரின் ஜெர்மன் அஞ்சலகத்தில்கூட ஜெர்மன் அஞ்சல் தலைகள் பிராங்குக்கே விற்கப்பட்டன.

ஊருக்கு அஞ்சல் குறியீட்டு எண்கள் இரண்டு. ஜெர்மன் அஞ்சலுக்கு 78266, சுவிஸ் அஞ்சலுக்கு 8238. தொலைபேசியிலும் ஜெர்மன் எண், சுவிஸ் எண் என இருவகை இணைப்புகள் உண்டு. வாகனங்களுக்குக் கான்ஸ்டன்ஸ் மாவட்டத்தின் பதிவெண்ணுக்குப் பதிலாக, ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண் வழங்கப்படுகிறது. இவ்வாகனங்களைச் சுங்க விதிகளில் சுவிஸ் வாகனங்களுக்கு ஒப்பாக நடத்த வேண்டியிருப்பதால், அதிகாரிகள் பார்த்தவுடன் அடையாளம் காண்பதற்காகவே இந்த ஏற்பாடு.

குழந்தைகள் ஊரிலேயே மழலையர் கல்வியும் நான்காம் வகுப்பு வரை தொடக்கக் கல்வியும் பெறுகின்றனர். அதன்பின் ஜெர்மன் பள்ளியா, சுவிஸ் பள்ளியா என்பதைப் பெற்றோர் முடிவு செய்கின்றனர். ஊரின் கால்பந்துக் கழகம் சுவிஸ் லீக் போட்டிகளில் விளையாடுகிறது. ரைன் கரைச் சாலையில் உள்ள ஓர் உணவகத்தின் வழியாகவே நாட்டு எல்லைக்கோடு செல்கிறது.

கடிகாரமும் ஒருமுறை ஊரைத் தாய்நாட்டிலிருந்து பிரித்தது. மேற்கு ஜெர்மனி 1980-இல் கோடைகால நேரமாற்றத்தை அறிமுகப்படுத்தியது. சுவிட்சர்லாந்து அதனை 1981-இல்தான் ஏற்றது. இடைப்பட்ட அந்த ஒரு கோடையில் பியூசிங்கன் சுவிஸ் நேரத்தையே பின்பற்றியதால், ஜெர்மனியின் பிற பகுதிகளைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. உலக நேர மண்டலங்களைக் கணினிகளுக்காகத் தொகுக்கும் தரவுத்தளத்தில், இக்காரணத்தால் இச்சிற்றூரின் பெயரில் தனிப் பதிவே உள்ளது.

செலவு சுவிட்சர்லாந்தில், வரி ஜெர்மனிக்கு

உடன்படிக்கை பொருள்களின் சிக்கலைத் தீர்த்தது; மனிதர்களின் சிக்கல் எஞ்சியது. அதன் கூர்மையான வடிவம் வருமான வரி.

ஷாஃப்ஹவுசனில் வேலை செய்யும் பியூசிங்கன்வாசி ஒருவரும், அதே நிறுவனத்தில் அதே ஊதியம் பெறும் சுவிஸ்வாசி ஒருவரும் ஒரே கடையில் ஒரே விலைக்குப் பொருள் வாங்குகின்றனர். சுவிட்சர்லாந்தின் விலைவாசி ஜெர்மனியைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் வரி செலுத்தும்போது இருவரும் பிரிகின்றனர். இரு நாடுகளுக்கிடையேயான வரி உடன்படிக்கையின்படி, எல்லை கடந்து வேலைக்குச் செல்வோரின் ஊதியத்தில் சுவிஸ் தரப்பு அதிகபட்சம் 4.5 சதவீதத்தை மட்டுமே பிடித்தம் செய்கிறது. எஞ்சிய வரியை வசிக்கும் நாடான ஜெர்மனி தன் விகிதப்படி வசூலிக்கிறது. அந்த விகிதம் ஷாஃப்ஹவுசனில் செலுத்தப்படுவதைவிட உயர்ந்தது.

நாணய மாற்று விகிதம் இச்சுமையை மேலும் கூட்டுகிறது. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற அளவுக்குமேல் பிராங்கின் மதிப்பு உயராதவாறு சுவிஸ் மத்திய வங்கி தடுத்து வந்தது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி அந்த வரம்பை அது கைவிட்டது. பிராங்கின் மதிப்பு உடனடியாக உயர்ந்தது. உதாரணமாக, ஆண்டுக்கு 80,000 பிராங்க் ஊதியம் என்பது 1.20 என்ற விகிதத்தில் சுமார் 66,670 யூரோ. இரு நாணயங்களும் சமமதிப்பை எட்டும்போது அதே ஊதியம் 80,000 யூரோவாகக் கணக்கிடப்படும். ஊதியம் உயரவில்லை, பிராங்கில் வாங்கும் பொருளின் அளவும் கூடவில்லை. ஆனால் வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் ஜெர்மன் வரி முறையில் செலுத்த வேண்டிய தொகை கூடிவிடுகிறது.

இந்த முரண்பாட்டை ஜெர்மன் அரசு அறியாமல் இல்லை. உயர்ந்த விலைவாசியைக் கருத்திற்கொண்டு இவ்வூர் மக்களுக்கென்றே சிறப்பு வரிக் கழிவு வழங்கப்படுகிறது. ஆயினும் அது வேறுபாட்டை முழுமையாக ஈடுசெய்வதில்லை என்பது ஊராட்சியின் நீண்டகால முறையீடு. சில கிலோமீட்டர் தள்ளிக் குடியேறினால் வரி குறையும் என்ற நிலையில், வேலை செய்யும் வயதினர் சுவிஸ் ஊர்களுக்குச் செல்கின்றனர். ஓய்வூதியத்தில் வாழும் முதியோருக்கு இந்தச் சுமை அதே அளவில் இல்லாததால் அவர்கள் இங்கு வந்து குடியேறுகின்றனர். இதன் விளைவாக ஊரின் சராசரி வயது உயர்ந்து வருகிறது. தொடக்கப் பள்ளிக்குக் குழந்தைகள் வேண்டும். தீயணைப்புப் படைக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் இளைஞர்கள் வேண்டும். எல்லை பற்றிய பழைய கேள்வி, இன்று ஊரில் யார் எஞ்சியிருப்பார் என்ற கேள்வியாக மாறியுள்ளது.

மாறிய எல்லைகள், மாறாத எல்லை

2008-ஆம் ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்து ஷெங்கன் ஏற்பாட்டில் இணைந்ததால் இரு நாடுகளுக்கிடையே வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை நீங்கியது. ஆனால் சுங்க எல்லை நீங்கவில்லை. ஜெர்மனியின் பிற பகுதியில் பொருள் வாங்கி வீடு திரும்பும் பியூசிங்கன்வாசி, சொந்த நாட்டிலிருந்து சொந்த ஊருக்கு வரும்போதும் சுவிஸ் இறக்குமதி விதிகளுக்கு உட்பட்டவரே.

கொரோனா பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இரு நாடுகளும் எல்லையை மூடின. ஜூன் நடுப்பகுதியில்தான் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக வரைபடத்தில் மட்டுமே இருந்த கோடு மீண்டும் கண்ணுக்குத் தெரியும் தடையாயிற்று. கட்டுப்பாடுகளை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வகுத்ததால், சாலையின் இருபுறமும் வெவ்வேறு விதிகள் நிலவும் நிலை ஏற்பட்டது.

பியூசிங்கனுக்கு நிகரான மற்றோர் ஊர், சுவிட்சர்லாந்தின் தெற்கே லுகானோ ஏரிக்கரையில் உள்ள இத்தாலியின் கம்பியோனே. அதுவும் சுவிஸ் நிலத்தால் சூழப்பட்டு, சுவிஸ் சுங்கப் பகுதியில் இயங்கி வந்தது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பகுதிக்குள் கொண்டுவரப்பட்டது. பியூசிங்கன் அவ்வழியைப் பின்பற்றவில்லை. வேலை, கடை, பள்ளி, போக்குவரத்து என அனைத்தும் ஷாஃப்ஹவுசனைச் சார்ந்திருக்கும் ஊரில் 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஆஸ்திரியா, வூர்ட்டம்பர்க், பாடன், ஜெர்மன் பேரரசு, இன்றைய ஜெர்மன் கூட்டாட்சிக் குடியரசு எனப் பல அரசுகளை இவ்வூர் கண்டுள்ளது. அந்த மாற்றங்களில் எதையும் அதன் மக்கள் தீர்மானிக்கவில்லை. அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப்பட்ட ஒரே சந்தர்ப்பம் 1918-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு. அதன் முடிவு நிறைவேற்றப்படவில்லை. எல்லையை மாற்ற இரு நாட்டு அரசுகளின் ஒப்புதல் தேவை. வரிக் கழிவை உயர்த்த பெர்லினில் உள்ள அரசின் முடிவு போதும். எனவே பியூசிங்கன் ஊராட்சியின் இன்றைய கோரிக்கைகள் நாடு மாறுவதைப் பற்றியன அல்ல. ஷாஃப்ஹவுசனில் உழைத்துப் பியூசிங்கனில் வாழும் ஒரு குடும்பம், ஊரை விட்டு வெளியேறாமல் இருப்பதற்கான வரி ஏற்பாட்டைப் பற்றியனவாகவே உள்ளன.